புதுப்பிப்பு: வாலுப் பையனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கியாச்சு

ஒன்றரை வயதில் ஓரிடத்தில் உட்காராத மகனுக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்ன தள்ளுவண்டியையே வாங்கினேன். அடிப்பாகம் கனமாக இருக்கிறதா என்று பார்த்தேன். லேசானது என்றால் பிடித்து எழும்போதே கவிழ்ந்துவிடும். கூடவே மரக்கட்டைகள். அடுக்குவான் என்று நினைத்தீர்களா? வண்டியில் ஏற்றி, அடுத்த அறையில் கொட்டிவிட்டு, திரும்பவும் ஏற்றுகிறான். அரைமணி நேரம்!

பாடும் பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேட்டரி மூடிக்குத் திருகாணியே இல்லை. பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் 3 வயது வரை தராதீர்கள் என்றீர்களே, அதையும் சோதித்தேன். இரண்டு கட்டைகள் தேறவில்லை, ஒளித்து வைத்துவிட்டேன்.

அப்புறம், அக்கா வாங்கி வந்த மேளத்தைப் பற்றி மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.