புதுப்பிப்பு: சீக்கோ 6119 வாட்ச், 1969-ஆ 1979-ஆ?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பின்மூடியில் 6119 (உள்ளே ஓடும் இயந்திரத்தின் மாடல் எண்), சீரியல் எண் 9-இல் தொடங்குகிறது, எந்தப் பத்தாண்டு?

கை கொடுத்தது, பின்மூடி வாசகத்தைப் பார்க்கச் சொன்ன யோசனை. சீரியலின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை எண், பிறகு அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. பத்தாண்டை அது சொல்லாது. இதில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' இல்லை, 'வாட்டர்ப்ரூஃப்' என்றுதான் இருக்கிறது. சீக்கோ அந்தச் சொல்லை 1970 வாக்கில் கைவிட்டது. ஏழு இலக்க சீரியலும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது. ஆக, 1969.

மாதம்தான் படுத்தியது. அழுக்கைப் பல்குச்சியால் எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) வழியாகப் பார்த்ததில் இரண்டாவது எழுத்து தெளிந்தது: ஓ. பூஜ்யம் போலத் தெரிந்தாலும் குழம்ப வேண்டாம், அது அக்டோபர்தான்.

எதிர்பாராதது: டயலின் அடி விளிம்பில், 6 மணிக்கு அருகே உள்ள பொடி எழுத்து 6106 என்று தொடங்குகிறது. ரோட்டரிலோ (வாட்சுக்குத் தானாகச் சாவி கொடுக்கும் சுழல் எடை) 6119, 21 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கும் பொடிக் கற்கள்). டயல் வேறொரு வாட்சிலிருந்து வந்திருக்கலாம். எனவே 1969 அக்டோபர் என்பது கேஸுக்கான தேதி மட்டுமே.