சக்கிமுக்கித் துப்பாக்கி: பொறிக்கும் குண்டுக்கும் இடையில்

குளச்சல் உறுப்பினர்:
குளச்சல் கடற்கரையிலுள்ள வெற்றித் தூணைப் பார்க்க வரும் விருந்தினர்கள், 1741இல் நடந்த குளச்சல் போரில் டச்சுக்காரர்களும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையினரும் இந்த உப்புக்காற்றில் கருமருந்து நமத்துப்போகாமல் எப்படிச் சுட்டார்கள் என்று கேட்கிறார்கள். நான் படித்தவன் மட்டுமே. பழைய வகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துச் சுட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தக்கலை உறுப்பினர், தற்போது பென்சில்வேனியா:
அண்ணாச்சி, இங்கே கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் மான் வேட்டைப் பருவத்தில், குழலின் வாய்வழியே கருமருந்திடும் துப்பாக்கிகளில் சக்கிமுக்கிக் கல் வகைக்கு மட்டுமே அனுமதி உண்டு என்பதால், அதைப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அலுவலக நண்பர் ஒருவருடன் நானும் சுடுதிடலுக்குப் போவதுண்டு.

விசையை அழுத்தியதும், குதிரையின் (சுத்தியல்போல அடிக்கும் பாகம்) வாயில் தோல்துண்டு சுற்றி இறுக்கிய கல் எஃகுத் தகட்டைச் சுரண்டிக்கொண்டு இறங்குகிறது. எஃகிலிருந்து சீவப்பட்ட துகள்கள் பொறியாகி, குழலை ஒட்டிய சிறு கிண்ணத்திலுள்ள பற்றுமருந்தில் (முதலில் தீப்பிடிக்கும் நுண்ணிய கருமருந்து) விழ, அந்தச் சுவாலை குழலின் பக்கவாட்டுத் துளை வழியே உள்ளே பாய்ந்த பிறகே குண்டு கிளம்புகிறது. இந்த இடைவெளி நொடியில் ஒரு சிறு பகுதிதான் என்றாலும், குறி தவறுவது பெரும்பாலும் அதற்குள்தான்.

புதியவர்கள் துளைக்குள்ளும் பற்றுமருந்தை அடைத்துவிடுகிறார்கள். அப்போது சுவாலை தாவிச் செல்ல முடியாமல், அடைத்த மருந்து திரியைப்போல எரிந்து முடியும்வரை காத்திருக்க நேர்கிறது. ‘புஸ்’ என்றும் ‘டும்’ என்றும் இரண்டு ஓசைகள் தனித்தனியாகக் கேட்கும். நண்பர் குழலில் மருந்திடும்போது துளையில் ஒரு பறவை இறகின் தண்டைச் செருகி வைத்து, பிறகு உருவிவிடுகிறார். துளை ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் அகலமும், உட்புறம் கூம்பாக விரிந்தும் இருந்தால் மருந்து சுவாலைக்கு அருகிலேயே நிற்கும். கிண்ணத்தில் நுண்ணிய மருந்து கொஞ்சமே போதும்.

தகட்டின் முகத்தில் விழுந்த கீறல்களையும் பார்க்க வேண்டும். அவை ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் கல் கோணலாக இறுக்கப்பட்டிருக்கிறது. மழைநாளில் எண்ணெய் தடவிய தோலுறையால் பொறியமைப்பை மூடுகிறார்கள். அப்படியும், எரிந்த மருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கிண்ணத்தைச் சேறாக்குவதால், அடிக்கடி துடைக்காமல் தீராது. குளச்சல் காற்றில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

குறியைப் பொறுத்தவரை, குழலைவிடச் சுடுபவரின் முகத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். குழலில் ஒன்றுமிடாமல் கிண்ணத்தில் மட்டும் மருந்து வைத்துச் சுடச் சொன்னால், கண்ணருகே எழும் தீயைக் கண்டு தலை விலகுவது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். குண்டு போன பிறகும் குழல் நுனியிலுள்ள குறிமுள் இலக்கிலேயே நிற்கப் பழகியவர்கள்தான் தேறுகிறார்கள்.

அடுத்தது துணி. 12.7 மில்லிமீட்டர் குழலுக்கு 12.45 மில்லிமீட்டர் ஈயக் குண்டைக் கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்து இறக்குகிறார்கள். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய திருகுவரிகளைப் பற்றிக் குண்டைச் சுழல வைப்பது அந்தத் துணிதான். சுட்டபின் அதைப் புல்லில் தேடியெடுத்து நண்பர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்: வரிகளின் தடத்தில் கிழிந்திருந்தால் வரிகளின் விளிம்பு கூராக இருக்கிறது, நடுவில் பொசுங்கியிருந்தால் துணி மெலிது, தீ குண்டை முந்திச் செல்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் மருந்தளவு மாறாமல், இடையிடையே குழலையும் துடைத்தால், அடிகள் ஒன்றையொன்று நெருங்கி விழுகின்றன.

குலசேகரம் உறுப்பினர்:
எங்கள் கோயிலின் வெடி வழிபாட்டில் கதினாக் குற்றிகளுக்கும் (மருந்திட்டு வெடிக்கும் சிறு இரும்புக் குழாய்கள்) அதே கருமருந்து, அதே பக்கத்துளைதான். ஆனால் நீங்கள் வேண்டாம் என்று விரட்டும் தாமதம்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. துளையில் மருந்து நிறைந்திருந்தால்தான் நெருப்பு வைத்தவர் விலகி நிற்க நேரம் கிடைக்கும். வெடிக்காத குற்றியை உடனே எட்டிப் பார்க்க யாரையும் விடமாட்டோம்.

தக்கலை உறுப்பினர்:
இங்கும் அப்படியே. கிண்ணம் எரிந்தும் குண்டு கிளம்பாவிட்டால், குழலின் வாயை இலக்கை விட்டுத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது காத்திருந்துவிட்டுத்தான் துளையில் ஊசியைவிடுகிறோம். ஊரில் இதைப் பழக நினைப்பவர்கள், வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதை முதலில் கவனிக்கவும்.