மறு: 'மிஸ்ஸிங் பாத்' – பாதைப்பிசகு என்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். சொன்ன பாதையில் கோப்பு இல்லை என்று மென்பொருள் காட்டும் 'மிஸ்ஸிங் பாத்' பிழைக்குத் தமிழில் 'பாதைப்பிசகு' என்கலாமா என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> முறிந்த இணைப்பு என்று ஏற்கெனவே புழங்குகிறதே அண்ணே. முறிந்த பாதை போதாதா?

முறிந்தது எது தம்பி? அதுதான் என் சிக்கல். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். காரைக்குடியில் நம் பிள்ளைகள் சிலர் கோடோ (Godot) என்கிற கணினி விளையாட்டு எஞ்சினில் ஒரு நகரத்தார் வீடு கட்டுகிறார்கள். அடைவுகளின் (ஃபோல்டர்) பெயரும் வீட்டு முறைப்படியே: முகப்பு, வளவு (நடு முற்றப் பகுதி), இரண்டாங்கட்டு. 'இந்தத் தூண் முகப்பிலும் வருதே' என்று ஒரு பையன் தூண் உருவை (மாடலை) வளவு அடைவிலிருந்து எடுத்துப் பொது அடைவில் போட்டான். கோடோவின் கோப்புப் பலகத்துக்குள் நகர்த்தியிருந்தால் அதுவே காட்சிகளில் (சீன் கோப்புகளில்) பாதையைத் திருத்தியிருக்கும். இவன் எஞ்சினை மூடிவிட்டு, கூடவே போக வேண்டிய இம்போர்ட் கோப்பையும் (உருவுக்கு எஞ்சின் எழுதி வைக்கும் துணைக்கோப்பு) விட்டுவிட்டு, தூணை மட்டும் விண்டோஸில் இழுத்துப் போட்டிருக்கிறான். திரும்பத் திறந்தால் எச்சரிக்கை. பரவாயில்லை என்று அழுத்தினால் வளவில் ஒரு தூண் இல்லை. தாழ்வாரத்து ஓடு அந்தரத்தில் நிற்கிறது.

தூண் முறியவில்லை, தொலையவும் இல்லை. பக்கத்து அடைவில் முழுசாக இருக்கிறது. கால் பிசகினால் எங்கள் ஆச்சி, 'எலும்பு நல்லாத்தான் இருக்கு, எடம் விட்டு நகந்திருக்கு' என்று நீவி விடுவார். இதுவும் அப்படித்தான். காட்சிக் கோப்பு வெறும் உரை. பழைய பாதையைத் தேடிப் புதியதை ஒட்டினோம், தூண்கள் வந்து நின்றன.

கோப்பே அழிந்திருந்தால் அது வேறு நோய், காப்புப்படியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குக் 'கோப்பின்மை' என்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால், வட்டில் இருக்கும் கோப்பையே ஆள் மறுபடி மறுபடி பதிவிறக்கிக்கொண்டிருப்பான்.

> விலாசத்தப்பு? உங்க செட்டிநாட்டுக்குப் பொருத்தமாச்சே!

ஆசைதான். ஆனால் எங்கள் பக்கம் விலாசம் என்றால் குடும்பத்து முன்னெழுத்து வரிசையும் கூட. முகவரி என்று மாற்றினால் கணினியின் நினைவக முகவரி (மெமரி அட்ரஸ்) குறுக்கே வரும்.

ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறாட்டத்தையும் பாதைப்பிசகில் சேர்க்கிறேன். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் விடாது, கோடோ எக்ஸ்போர்ட் செய்த பொதியும் விடாது. தமிழில் பெயர் வைத்தால் இந்த வம்பில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தொட்டி' என்று வைத்துப் பாருங்கள். யூனிகோடில் அந்த 'ொ'வை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே தொட்டி, லினக்ஸுக்கு இரண்டு.

'பாதைப்பிசகு' நடுவில் ஒற்று எதற்கு என்று கேட்டவருக்கு: 'பாதையில் பிசகு' என்று விரியும், வேற்றுமைத்தொகை. 'ப்' மிகும்.

இன்னொன்று, மாடலுக்கு 'மாதிரி' என்று போடாதீர்கள். சாம்பிள் என்றுதான் படிப்பார்கள். நான் இப்போதைக்கு 'உரு' என்கிறேன்; சண்டை போடுவதென்றால் தனி இழையில்.