பூச்சிமருந்து ஏறியவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்காட்டான்:
2011. பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்துவிட்டு மத்தியானம் அப்பா திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில்தான் என்று மோர் கரைத்துக் கொடுத்தோம். வாயோரம் எச்சில் வழிந்ததை மோர் என்றே நினைத்தோம். ஆஸ்பத்திரி போகும்போது ராத்திரி ஆகிவிட்டது. டாக்டர் டார்ச் அடித்தார், கண்மணி கடுகைவிடச் சிறியது, அசையவே இல்லை. "எத்தனை மணிக்கு அடிச்சார்?" இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைப்பது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி; பூச்சிமருந்து அதில் போய் ஒட்டிக்கொள்கிறது, நேரம் ஆக ஆக இறுகிவிடுகிறது, இறுகியதை எந்த ஊசியாலும் பிரிக்க முடியாது. இந்த வகை மருந்துக்கு 3.7 மணி நேரத்தில் பாதி இறுகிவிடுமாம். நாங்கள் எட்டு மணி நேரத்தைத் திண்ணையில் கழித்திருக்கிறோம். 12 நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார்.

நைட் டூட்டி:
மோரை நினைத்து வருந்தாதீர்கள். ஐசியூவில் இருந்தவள் சொல்கிறேன், உயிரைப் பிடித்து வைப்பது அட்ரோபின். அது நொதியைத் தொடுவதே இல்லை, தேங்கிப்போன அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம். நெஞ்சில் கரகரப்பு அடங்கும்வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகவேண்டும். ஒரு ராத்திரி உடைத்து உடைத்துக் கட்டைவிரல் கிழிந்து கையுறைக்குள் ரத்தம் நின்றது. நொதியைப் பூச்சிமருந்திடமிருந்து பிரிக்கும் பாம் (PAM, பிராலிடாக்சைம்) ஊசியால் பலன் தெரியவில்லை என்று இலங்கையில் நடந்த ஆய்வே 2009இல் சொல்லிவிட்டது.

பயோகெம் லேப்:
ஒரு ஆய்வை மட்டும் சொல்லி முடிக்காதீர்கள் சிஸ்டர். மகாராஷ்டிராவின் பாராமதியில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில் அதே பாம் மருந்தைச் சீக்கிரமாக, அதிக அளவில், தொடர்ந்து ஏற்றியபோது சாவு குறைந்தது. நான் பார்த்தது ஆளை இல்லை, குழாயை. நொதியின் வேலையை அளக்கும் எல்மன் சோதனையில் நொதி வேலை செய்தால் மஞ்சள் ஏறும். ஒப்பிடுவதற்கு என் ரத்தத்தையும் வைத்திருந்தேன், அது கண்ணெதிரே எலுமிச்சை நிறமாகிவிட்டது, பக்கத்துக் குழாய் பத்து நிமிஷம் ஆகியும் தண்ணீர் மாதிரியே நின்றது. யாரென்று தெரியாத ஒருவருடைய ரத்தம். இன்னும் அந்தக் குழாய்தான் கண்ணில் நிற்கிறது.

வயக்காட்டு மாமா:
எங்கள் சித்தப்பா வெறுங்கையால் கார்போஃபுரான் குருணை விதைத்து வாந்தியும் மயக்கமுமாக விழுந்தார், மறுநாளே எழுந்துவிட்டார். அது கார்பமேட் வகை, நொதியைத் தானாகவே விட்டுவிடும். ஆனால் அதை நம்பி யாரும் வீட்டில் காத்திருக்காதீர்கள், எந்த மருந்து என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. முதலில் போட்டிருக்கும் துணியைக் கழற்றுங்கள், தோல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். தலைமுடி, நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையுறை போடவேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். அடிக்கும்போது முழுக்கைச் சட்டை, காற்றுக்கு எதிரே அடிக்கக்கூடாது, நடுவில் பீடி, வெற்றிலை கூடாது.

கரிசல்காட்டான்:
மாமா, டப்பா கொண்டு போனோம். சட்டையைக் கழற்றவில்லை. டார்ச் அடித்தபோதும் அதே சட்டைதான் போட்டிருந்தார். அதை மறுநாள் அம்மா வெறுங்கையால் துவைத்துப் போட்டாள்.