வேல்ஸ் சிற்றூரில் ஊராரே நடத்தும் மதுவிடுதி

கேள்வி: வேல்ஸின் சிற்றூர்களில் மூடப்படும் மதுவிடுதிகளை ஊர்மக்களே பங்கு சேர்த்து வாங்கி நடத்துகிறார்கள் எனப் படித்தேன். இதற்குப் பழைய முன்னுதாரணம் உண்டா?

மறுமொழி 1: உண்டு. லீன் தீபகற்பத்தில், கல்குவாரித் தொழிலோடு பிணைந்த லித்வைன் என்னும் ஊரின் 'தவர்ன் எ விக்' விடுதியை 1988ஆம் ஆண்டு முதல் ஊரார் கூட்டுறவாக நடத்தி வருகின்றனர். வெல்ஷ் மொழியில் பேசவும் பாடவும் ஓர் இடம் என்பதே, என் பார்வையில், அதன் வணிகத்தைவிட முக்கியமானது.

மறுமொழி 2: அங்கே ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1881ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸில் ஞாயிறுதோறும் மதுவிடுதிகளை மூடவைத்தது. 1961 முதல் வட்டாரந்தோறும் வாக்கெடுப்புகள் நடந்து தடை படிப்படியாக விலகியபோதும், லித்வைன் அடங்கிய ட்விவோர் வட்டாரம் 1996 வரை இசையவில்லை.

மறுமொழி 3: இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, விற்பனைக்கு வரும் விடுதியை வாங்க ஊரார் பணம் திரட்ட அவகாசம் தருகிறது; வேல்ஸில் அப்பிரிவு நடைமுறைக்கு வரவில்லை என்பதால், அங்கு ஊரார் விரைந்து செயல்பட வேண்டியிருக்கிறது.