கூட வேலை பார்ப்பவரைக் காதலித்தவர்கள், மறக்க முடியாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

நடுநிசி:
மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த மீட்டிங்கை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. இரண்டு பேரும் ஒரே டீம். யாருக்கும் தெரியாமல் ஏழு மாதம். காலையில் பத்து நிமிஷம் இடைவெளி விட்டு உள்ளே நுழைவது, லிஃப்டில் ஏறினால் அவரவர் போனைப் பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு வாடிக்கையாளருக்குப் போன கணக்கில் ஒரு தவறு. மேலாளர் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார். தவறு அவளுடையது அல்ல, எண்களைச் சேர்த்துக் கொடுத்த இன்னொருவருடையது, முந்தைய நாள் வந்த மின்னஞ்சலை நானே பார்த்திருந்தேன். வேறு யாராக இருந்திருந்தாலும் உடனே சொல்லியிருப்பேன். அவள் என்பதால் வாய் திறக்கவில்லை. இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று யாராவது யோசித்துவிடுவார்களோ என்ற பயம். அவள் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் நான்கு மாதம் சேர்ந்திருந்தோம், பிரியும்போது வேறு ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டோம். ஆனால் எனக்கு அந்தப் பேனா மூடிச் சத்தம்தான் காதில் இருக்கிறது.

மேசை ஓரம்:
என்னுடையது பிரிந்த பிறகு நடந்தது. பேச்சு வார்த்தை இல்லை, ஆனால் மாதக் கடைசி அறிக்கையை நாங்கள் இருவரும்தான் முடித்தாக வேண்டும். அவர் அவர் வீட்டிலிருந்து, நான் என் வீட்டிலிருந்து, ஒரே கூகுள் ஷீட்டைத் திறந்து வைத்திருந்தோம். மற்றவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று நிறத்தில் காட்டும் அல்லவா, அவருடைய பச்சைக் கட்டம் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது, இரவு பதினொன்றரை இருக்கும், நான் இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எதுவும் எழுதவில்லை. ஐந்து நிமிஷம் அப்படியே. நானும் நகரவில்லை. அப்புறம் மறைந்துவிட்டது. அவர் ஏதோ எழுத வந்தாரா, இல்லை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் இருவருமே அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பழைய டீம் லீட்:
நடுநிசி, வருத்தப்படாதீர்கள், ஆனால் உங்கள் வாயைக் கட்டியது காதல் அல்ல, அதை ஒளித்து வைத்ததுதான். என் கதை சின்னது. எனக்குக் கீழே வேலை பார்த்தவரை விரும்பினேன். வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்து, ஐந்துக்கு எத்தனை போடுவது என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு போட்டால் நாளைக்கு அவர் பெயர் கெடும், மூன்று போட்டால் அவர் உழைப்புக்குத் துரோகம். மூடிவிட்டு நேராக எச்.ஆரிடம் போனேன். மதிப்பீடு எழுதும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றினார்கள், எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது வருஷம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் உங்கள் நிறுவன விதியைப் படியுங்கள். பல இடங்களில் காதலுக்கே தடை என்று இருக்காது, ஒருவர் இன்னொருவருக்கு மேலே இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கும். சில இடங்களில் மேலே கீழே உறவு என்றாலே கூடாது. மெக்டொனால்ட்ஸ் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை 2019 நவம்பரில் வெளியே அனுப்பினார்கள், இருவர் சம்மதத்தோடு நடந்தது என்றாலும் விதிமீறல் விதிமீறல்தான் என்றார்கள். 2025 செப்டம்பரில் நெஸ்லே தன் தலைமைச் செயல் அதிகாரி லோரன் ஃப்ரெக்ஸை நீக்கியதும், அவர் தனக்கு நேரடியாகக் கீழே இருந்தவரோடு இருந்த உறவை மறைத்ததற்காகத்தான். அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களுக்கே அந்த நிலை. அப்புறம், ஒரு தடவை கேளுங்கள், இல்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள், தினமும் முகம் பார்க்க வேண்டிய இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது தொல்லை. ஆபீஸ் சாட்டில் மனசைத் திறக்காதீர்கள், அதை நிறுவனம் எடுத்துப் பார்க்க முடியும். ஒருவர் விடுப்பையோ செலவுக் கணக்கையோ இன்னொருவர் அங்கீகரிக்கும் நிலை வரவே கூடாது. பிரிந்தால் எப்படி வேலை பார்ப்பது என்பதையும் நன்றாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

தாரகை:
பழைய டீம் லீட், நீங்கள் மேலே இருந்தீர்கள், அதனால் சொல்வது உங்களுக்குச் சுலபம். நாங்களும் முறைப்படி சொன்னோம். எச்.ஆர் அறையில் மூன்று நாற்காலி. அந்த அம்மா படிவத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு, "இரண்டு பேரில் யார் டீம் மாறப் போகிறீர்கள்?" என்று கேட்டார். கேள்வி இருவருக்கும்தான். கேட்டு முடிப்பதற்குள் படிவம் என் பக்கம் நகர்ந்துவிட்டது, அவரே அறியாமல் கை தள்ளியிருக்கும். என்னவர் அதைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அவர் சீனியர், எனக்குச் சம்பளம் குறைவு, ஆக நான்தான் மாற வேண்டும் என்பது பேசாமலே முடிவாகிவிட்டது. நான் கட்டி எழுப்பிய வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு என்ன போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1989-இல் சிகாகோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பராக் ஒபாமாவுக்கு வழிகாட்டியாக இருந்த மிஷெல், அவர் வெளியே போகலாமா என்று கேட்டபோது முதலில் மறுத்தார், ஒரே இடத்தில் அது சரியாக இருக்காது என்று. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. பேர் கெட்டால் யாருக்குக் கெடும் என்று பெண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

நடுநிசி:
தாரகை, உங்களவர் எதுவும் சொல்லவில்லை என்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். டீம் லீட் சொல்வது போல ஒளித்ததுதான் காரணம் என்றே இத்தனை நாள் நானும் நினைத்திருந்தேன், உங்களுடையதில் ஒளிக்க ஒன்றும் இல்லையே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மின்னஞ்சலை நான் பார்த்திருந்தேன் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துத்தான் அந்த நான்கு மாதமும் என்னோடு இருந்தாள்.