டி5600-க்கு 50எம்எம் வாங்கலாமா, 35எம்எம் வாங்கலாமா?

கேள்வி: நிக்கான் டி5600 கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ் வைத்திருக்கிறேன். வீட்டு விசேஷங்களை ஃபிளாஷ் போடாமல் எடுக்கணும். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. 50எம்எம் எஃப்/1.8 (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிகம் திறக்கும்) போதுமா?

பதில்: வீட்டுக்குள் 50 வேண்டாம். உங்கள் சென்சார் 23.5 மிமீ அகலம், கிராப் 1.5, அதாவது ஃபுல் ஃப்ரேமைவிட அவ்வளவு மடங்கு சிறியது. அதில் 50 போட்டால் ஃபுல் ஃப்ரேமில் 75எம்எம் தரும் குறுகிய கோணம்தான் கிடைக்கும். பத்தடி தள்ளி நின்றாலும் ஃப்ரேமில் அடங்குவது சுமார் 1.4 மீட்டர், நாலு பேர் நின்றால் ஓரத்து ஆளின் தோள் வெட்டுப்படும். 35எம்எம் எஃப்/1.8ஜி டிஎக்ஸ் (உங்கள் சென்சார் அளவுக்கான லென்ஸ்) என்றால் 2 மீட்டர் அடங்கும். அதையே பழையதாகத் தேடுங்கள், காசு மிச்சம்.

பதில்: இன்னொன்று. இந்த பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாக வருகிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கிவிடாதீர்கள், கையால்தான் ஃபோகஸ் செய்யணும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் மாதிரியாகப் பாருங்கள். வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: நூல் நூலாகப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ். அப்பர்ச்சர் இதழ்களில் (ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கும் தகடுகள்) எண்ணெய் மினுமினுத்தாலும் விட்டுவிடுங்கள். இதழ் ஒட்டிக்கொண்டு நேரத்துக்கு மூடாது, படம் வெளுத்துப்போகும்.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. எஃப்/1.8-ஐயும் 1.5-ஆல் பெருக்கணுமா?

பதில்: எக்ஸ்போஷருக்கு (படத்தில் விழும் ஒளிக்கு) பெருக்கவே கூடாது. பின்னணி மங்கலை ஒப்பிட மட்டும் பெருக்குங்கள்: ஃபுல் ஃப்ரேமில் எஃப்/2.7 தருகிற அளவு மங்கும். கிட் லென்ஸ் 35-இல் ஏறக்குறைய எஃப்/4.5 வரைதான் திறக்கும். 1.8-இல் ஆறு மடங்கு ஒளி, அதாவது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 6400 கேட்ட இடத்தில் 1000 போதும்.